ஞானப்பல்லும் முன்னெச்சரிக்கை வாதமும்

பதினெட்டு வயதைத் தாண்டி இருபத்தைந்தை எட்டாத ஒரு வாலிபனோ யுவதியோ, பல்லைச் சுத்தம் செய்துகொள்வதற்கோ, வரிசை தப்பிய பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்வதற்கோ வைத்தியரிடம் போய், அவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிற எக்ஸ்ரே படத்தில் தாடையின் கோடியில் ஒரு கடைவாய்ப் பல் சாய்ந்து படுத்திருப்பதைக் கண்டு, தனக்கு யாதொரு வலியும் உபத்திரவமும் இல்லாதிருந்தும், அதை அறுத்தெடுப்பதற்கு நாள் குறித்துக்கொண்டு வீடு திரும்புவது இன்று சர்வ சாதாரணமான காரியமாகிவிட்டது. அமெரிக்காவில் இது ஒரு சடங்கைப் போலவே ஆகி, கல்லூரிக்குப் புறப்படுமுன் கோடை விடுமுறையில் நான்கு ஞானப்பற்களையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுவது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாக நிலைத்துவிட்டது. நம் நகரங்களின் பல் சிகிச்சை நிலையங்களிலும் அந்த வழக்கத்தின் சாயை படரத் தொடங்கியிருக்கிறது. "வைத்திருந்து என்ன பிரயோஜனம்? இன்றில்லாவிட்டால் நாளை தொந்தரவு கொடுக்கத்தான் போகிறது, வயது ஏறினால் எடுப்பது கஷ்டம்" என்னும் மூன்று வாக்கியங்களே இந்த அபிப்பிராயத்தின் முழு சாஸ்திரமும். இந்த மூன்று வாக்கியங்களையும் தனித்தனியே நிறுத்திப் பரிசீலித்தால் அவற்றில் எவ்வளவு நிற்கும் என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். நோயுற்ற ஞானப்பல்லை எடுக்கக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடைத்துச் சீர்ப்படுத்த முடியாதபடி சொத்தையானது, வேரில் சீழ் கோத்துத் திரும்பத் திரும்ப வீங்குவது, தன்னைச் சூழ்ந்த பையில் நீர்க்கட்டி வளர விட்டிருப்பது, பக்கத்துப் பல்லின் வேரை அரித்துக்கொண்டிருப்பது, முறிந்துபோனது, தாடையில் செய்யவேண்டிய வேறொரு பெரிய சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பது ஆகியவற்றைத் தாமதமின்றி எடுத்துவிடுவதே வைத்திய தர்மம். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தொடங்குமுன் சந்தேகத்துக்கிடமான பற்களை நீக்கிவிடுவதும் அப்படியே நியாயமானது. ஏனெனில் கதிர் பட்ட எலும்பில் பின்னால் பல் பிடுங்கினால் அந்தப் புண் ஆறாமற் போகும் அபாயம் உண்டு. மாதக்கணக்கில் வைத்தியர் முகத்தையே காண முடியாத இடங்களுக்குப் போகும் கடலோடிகள் போன்றோரையும் தனியே கருதலாம். இவர்கள் எவரையும் பற்றியதல்ல நமது வழக்கு. வலியில்லை, வீக்கமில்லை, சொத்தையில்லை, எக்ஸ்ரேயிலும் கேடு எதுவும் தென்படவில்லை என்ற ஸ்திதியில் இருக்கும் ஒரு பல்லை, அது என்றாவது கெடக்கூடும் என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

பிரயோஜனமில்லை என்ற வாதத்தை, எடுத்துவிடலாம் என்போர் டார்வினின் பெயரைச் சொல்லியே தொடங்குவார்கள். 1871இல் வெளிவந்த மனித உற்பத்தி பற்றிய தமது நூலில், நாகரிகமடைந்த மக்களிடையே ஞானப்பற்கள் தேய்ந்துபோகும் உறுப்புகளாகி வருகின்றன என்று அவர் எழுதியது உண்மையே. அதே அத்தியாயத்தில் காதை அசைக்கும் தசைகளைப் பற்றியும், முதுகெலும்பின் அடியில் எஞ்சியிருக்கும் வால் எலும்பைப் பற்றியும் அவர் பேசுகிறார். ஆயினும் காதுத் தசையை முன்னெச்சரிக்கையாக அறுத்துவிடலாம் என்று இதுவரை எந்த வைத்தியரும் ஆலோசனை சொன்னதாகத் தெரியவில்லை. ஓர் உறுப்பு அவசியமற்றது என்பது வேறு, ஆபத்தானது என்பது வேறு. முன்னதை நிரூபித்துவிட்டுப் பின்னதை நிரூபித்துவிட்டதாக எண்ணிக்கொள்வது தர்க்கத்தில் தேறாது. அதுவுமன்றி, நேராக முளைத்து எதிர்ப் பல்லோடு பொருந்தி நிற்கும் ஞானப்பல் மென்று கொடுக்கிற உழைப்பாளிதான். முன்னுள்ள கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்கு, பாலம் கட்டிப் பொய்ப்பல் பொருத்துவதற்கு அதுவே கடைசித் தூணாக உதவுகிறது. பாழாய்ப்போன முதற் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் அதே மனிதனுடைய ஞானப்பல்லைப் பெயர்த்து நட்டுப் பிழைக்க வைக்கும் சிகிச்சையும் நடைமுறையில் இருக்கிறது. இருபது வயதில் அநாவசியமென்று தூக்கியெறிந்ததை நாற்பது வயதில் எங்கே போய்த் தேடுவது?

ஞானப்பல்லுக்குத் தாடையில் இடமில்லாமற் போனது ஏன் என்பதற்கும் சமாதானங்கள் உண்டு. பெக் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர் 1954இல் அந்நாட்டு ஆதிக்குடிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்து, மணலும் நாரும் கலந்த கரடுமுரடான உணவை மென்று மென்று பற்கள் மேற்புறத்தில் மட்டுமன்றி ஒன்றோடொன்று உராயும் பக்கங்களிலும் தேய்ந்து, வரிசையே குறுகி, கடைசிப் பல்லுக்குத் தானாக இடம் விட்டுக் கொடுத்தன என்று சொன்னார். சிறு வயதில் மென்மையான உணவையே தின்று வளரும் பிள்ளைகளுக்குத் தாடை போதிய அளவு வளர்வதில்லை என்று கருதுவோரும் உண்டு. இவை சுவையான ஆராய்ச்சிகள்தாம். ஆனால் இடம் குறைவு என்ற காரணத்தை அவை விளக்குகின்றனவேயன்றி, இடம் குறைந்த பல்லெல்லாம் நோய்ப்படும் என்று அவை சொல்லவில்லை. உலக ஜனத்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு ஞானப்பல்லாவது உருவாகாமலேயே போய்விடுகிறது. உருவானவற்றில் அநேகம் எலும்புக்குள்ளேயே புதைந்தபடி அறுபது எழுபது ஆண்டுகள் ஓசையின்றி இருந்துவிட்டு மனிதனோடேயே போய்ச் சேர்கின்றன.

அடுத்தது, பெற்றோர்களிடம் மிக எளிதாகச் செல்லுபடியாகும் வாதம். பின்னாலிருந்து முளைக்கும் ஞானப்பல் முன்னுள்ள பற்களையெல்லாம் நெட்டித் தள்ளிவிடும், ஆயிரக்கணக்கில் ரூபாய் செலவழித்துக் கிளிப் போட்டு நேராக்கிய கீழ்வரிசை முன்பற்கள் மீண்டும் ஒன்றன்மேலொன்று ஏறிக்கொள்ளும் என்பது அது. பார்ப்பதற்கு இதைவிட நியாயமான காரணம் இல்லையென்றே தோன்றும். ஞானப்பல் வரும் வயதிலேதான் முன்பற்களும் நெருக்கத் தொடங்குகின்றன என்பதும் மெய்தான். ஆயினும் ஒரே காலத்தில் நிகழும் இரண்டில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதி எங்கே இருக்கிறது? ஞானப்பல்லே பிறவியில் இல்லாதவர்களுக்கும், அதைச் சிறு வயதிலேயே எடுத்துவிட்டவர்களுக்கும் கீழ் முன்பற்கள் வயதோடு நெருங்கத்தான் செய்கின்றன. கீழ்த்தாடையின் பல் வளைவு வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குறுகி வருவது மனித சரீரத்தின் இயற்கை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் 1979இல் இந்த விஷயத்தை விவாதிக்கவென்றே நிபுணர்களைக் கூட்டியபோது, முன்பற்களின் நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்ற முடிவுக்கே அவர்கள் வந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், அந்த முடிவு எழுதப்பட்ட அதே நாட்டில், அதே காரணம் சொல்லி அதே பல் எடுக்கப்பட்டு வருகிறது!

பிரிட்டனில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். கிளிப் சிகிச்சை முடித்த 164 இளைஞர்களைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து, ஒரு சாராருக்கு ஞானப்பற்களை எடுத்தும் மறு சாராருக்கு எடுக்காமலும் விட்டு, சராசரி ஐந்தரை ஆண்டுகள் கழித்து அவர்களுடைய முன்பற்களை அளந்தார்கள். 1998இல் வெளியான அந்த முடிவின்படி இரு சாராருக்கும் இடையே காணப்பட்ட வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமே, அதுவும் தற்செயலென்று ஒதுக்கத்தக்கது. இந்தச் சோதனையிலும் ஒரு குறை உண்டு. சேர்க்கப்பட்டவர்களில் 77 பேரே கடைசிவரை வந்து அளவு கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் காணாமற் போனார்கள். எதிர்வாதிகள் இதை எடுத்துச் சொல்வது நியாயமே. ஆனால் இதைவிடச் சிறந்த சோதனை ஒன்றைத் தங்கள் கட்சிக்கு ஆதரவாக அவர்கள் கொண்டுவந்து வைத்தபாடில்லை. கத்தி எடுக்க விரும்புகிறவரிடமே ஆதாரம் கேட்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது முறையாகாது.

இனி, நாளை வரப்போகும் நோய்களைப் பார்ப்போம். நீர்க்கட்டியும் சதைக்கட்டியும் என்று பயமுறுத்துவது வழக்கம்; அவை வருவதுண்டு, ஆனால் அரிது, மேலும் பெரும்பாலும் மெதுவாக வளர்வதால் இடையிடையே எடுக்கப்படும் எக்ஸ்ரேயில் அகப்பட்டுவிடுகின்றன. அரிதல்லாதது ஒன்றுண்டு: பாதி முளைத்துப் பாதி புதைந்த பல்லின்மேல் மூடியிருக்கும் ஈற்று மடலுக்கடியில் உணவுத் துணுக்கு தங்கி, ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் இரண்டு மூன்று நாட்கள் படுத்தும் அவஸ்தை. அதை அனுபவித்தவர் எவரும் அதைச் சிறிதென்று சொல்லமாட்டார். எனினும் ஒரு முறை வந்தது மறு முறை வந்தே தீரும் என்பதில்லை. அந்த இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்து, அவசியமானால் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆதலால்தான் இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சிறப்பு நிறுவனம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட வழிகாட்டியில், அந்த வீக்கம் மிகக் கடுமையாக இருந்தாலன்றி முதல் முறைக்குப் பல்லை எடுக்க வேண்டாம், இரண்டாம் முறை வந்தால் எடுப்பது தகும் என்று வரையறுத்து, நோயற்ற ஞானப்பற்களை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தையும் அரசாங்க வைத்திய சேவையில் நிறுத்தச் சொன்னது.

எதிர்க்கட்சியின் வலிமையெல்லாம் மூன்றாவது வாக்கியத்திலேதான் இருக்கிறது. இருபது வயதில் வேர் முழுதும் வளர்ந்திராது, எலும்பு இளகியதாயிருக்கும், புண் விரைவில் ஆறும்; நாற்பதில் எலும்பு இறுகி, வேர் வளைந்து நரம்பை அண்டி, எடுப்பவருக்கும் எடுத்துக்கொள்பவருக்கும் சிரமம் பெருகும் என்கிறார்கள். இது முழுதும் உண்மை, மறுப்பதற்கில்லை. கோடையிலேயே கூரையைக் கவனித்துவிட வேண்டாமா, மழை வந்த பிறகா ஏறுவது என்று என்னிடம் ஒரு பல் வைத்தியரே கேட்டார். கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒழுகாத ஓட்டையும் பிரித்தெறிவதற்குக் கவனிப்பு என்று பெயரா? இருபதில் எடுப்பதை நாற்பதில் எடுப்பதோடு ஒப்பிடுவது, எல்லோரும் நாற்பதிலாவது எடுத்தே தீர வேண்டியவர்கள் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு போடும் கணக்கு. உண்மையில் ஒப்பிட வேண்டியது வேறு: எல்லோருக்கும் இருபதில் வரும் துன்பத்தின் கூட்டுத்தொகையையும், அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பிற்காலத்தில் வரும் சற்றுப் பெரிய துன்பத்தின் கூட்டுத்தொகையையும் தட்டில் வைத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருபோதும் நோய் காணாதிருந்திருக்கக்கூடியவர்கள் முதல் தட்டில்தான் கிடக்கிறார்கள். அவர்களுடைய கன்னம் வீங்கியது எந்த லாபத்துக்காக என்று கேட்பார் இல்லை.

அந்தத் துன்பமும் இலேசானதாக இருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். எடுத்த குழியில் இரத்தக்கட்டு நிலைக்காமல் கரைந்து, எலும்பு வெறுமனே திறந்து கிடக்க, மூன்றாம் நாள் காதுவரை இழுத்துக்கொண்டு வலிக்கும் வேதனையைப் பற்றி முன்கூட்டியே விஸ்தரித்துச் சொல்கிற வைத்தியர்கள் குறைவு. அதைவிடக் கவலைக்குரியது நரம்பு. கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஒரு குழாயில் ஓடும் நரம்பு கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது. தாடையின் உட்புறமாகச் செல்லும் மற்றொரு நரம்பு நாக்கின் பாதிக்கு உணர்ச்சி தருவது, ருசியறியும் இழைகளும் அதனோடு சேர்ந்தே செல்கின்றன. ஞானப்பல்லின் வேர் இவ்விரண்டுக்கும் அண்டையில் இருப்பதால், அறுவையின்போது அவை நசுங்கினால் உதடோ நாக்கோ மரத்துப்போகிறது. பெரும்பாலோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ அது தெளிந்துவிடும். நிரந்தரமாய்த் தங்கிவிடுவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. ஆனால் லட்சக்கணக்கானோருக்குச் செய்யும்போது அந்தச் சிறு பின்னமே ஒரு ஜனக்கூட்டமாகிவிடுகிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பத்திரிகையில் 2007இல் கட்டுரை எழுதிய ஜே ஃப்ரீட்மன் என்பவர், தாமே ஒரு பல் வைத்தியர், தம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுகின்றன என்றும், அதற்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது என்றும், மூன்றில் இரண்டு பங்காவது அநாவசியம் என்றும், 11,000 பேருக்கு மேல் நிரந்தரமாக உணர்ச்சி கெட்டுப்போகிறது என்றும் மதிப்பிட்டார். அவருடைய மதிப்பீட்டில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதியே போதுமானது. (உதடு மரத்துப்போன நாகசுர வித்துவானுக்கு "நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு" என்ற ஆறுதல் என்ன பலன் தரும்?) போதாக்குறைக்கு, வலியைத் தணிக்க அபின் வகை மாத்திரைகளை எழுதிக் கொடுக்கும் அமெரிக்க வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், 2018இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், ஞானப்பல் எடுத்தபின் அம்மாத்திரைகளை வாங்கிய இளைஞர்களில் நூற்றுக்கு 1.3 பேர் மாதங்கள் கழிந்தும் அவற்றைத் தொடர்ந்து வாங்கினார்கள், வாங்காதவர்களிடையே அது 0.5தான் என்று கண்டார்கள்.

பிரிட்டனின் அனுபவத்தைக் கொண்டே என்னை மடக்க முயல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் சாரமும் உண்டு. 2000ஆம் ஆண்டு வழிகாட்டிக்குப் பின் அந்நாட்டில் ஞானப்பல் எடுத்துக்கொள்வோரின் சராசரி வயது 25இலிருந்து 32க்கு ஏறியது. பல்லை எடுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சொத்தையின் பங்கும் பெருகியது. முன்பக்கமாகச் சாய்ந்து, பாதி வெளிவந்து, தலையால் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் கழுத்தில் முட்டிக்கொண்டிருக்கும் ஞானப்பல் இருக்கிறதே, அந்தச் சந்தில் பிரஷும் நுழையாது நாக்கும் எட்டாது; அங்கே சொத்தை பிடித்தால் ஞானப்பல் மட்டுமல்ல, அதனிலும் பன்மடங்கு பெறுமானமுள்ள பக்கத்துப் பல்லும் பறிபோகிறது. 2000ஆம் ஆண்டின் விதி இவ்வகைப் பல்லுக்குத் தக்க கவனம் தரவில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். 2020இல் இங்கிலாந்து அறுவை வைத்தியர்களின் ராஜாங்கக் கல்லூரி வெளியிட்ட நெறிமுறைகள், ஒரே விதியை எல்லோர் தலையிலும் ஏற்றாமல், பல்லின் சாய்வையும் நோயாளியின் நிலையையும் தனித்தனியே எடைபோடச் சொல்வது இந்த அனுபவத்தின் பலனே. ஆனால் இதிலிருந்து எல்லா ஞானப்பல்லையும் இளமையில் எடுத்துவிடுவதே மேல் என்ற முடிவுக்குத் தாவுவது எப்படி? ஒரு வகைச் சாய்வு ஆபத்தானதென்றால் அந்த வகையைத் தெரிந்தெடுத்துக் கவனிப்பதே வழி. எலும்புக்குள் முழுதும் புதைந்து யாரையும் தொடாமல் கிடப்பதையும், நேராக முளைத்து மெல்லுவதையும் அதே கணக்கில் சேர்ப்பதற்கு இதில் ஆதாரமில்லை.

அமெரிக்கத் தாடை அறுவை நிபுணர்களின் சங்கம் சொல்லும் ஒரு வாக்கியத்தை நான் மனமார ஏற்கிறேன்: அறிகுறி இல்லையென்பதால் நோய் இல்லையென்றாகாது. ஞானப்பல்லைச் சுற்றிய ஈற்றில் வலியே தெரியாமல் ஆழமான பைகள் உண்டாகலாம். சரி, அப்படியானால் கருவியை விட்டு அளந்து பார்க்கட்டும், பையிருந்தால் சிகிச்சை செய்யட்டும், எடுக்க வேண்டுமானால் எடுக்கட்டும்! கண்டுபிடித்த நோய்க்குச் செய்யும் சிகிச்சையை யார் மறுத்தார்கள்? கண்டுபிடிக்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகப் பல்லையே தவிர்ப்பதைத்தான் மறுக்கிறோம். சிகிச்சை முறைகளின் ஆதாரங்களையெல்லாம் திரட்டி நிறுக்கும் காக்ரேன் அமைப்பினர் இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்து, கடைசியாக 2020இல், புதைந்த பல் பக்கத்துப் பல்லின் ஈற்றைக் காலப்போக்கில் கெடுக்கலாம் என்பதற்குச் சிறிது குறிப்பு இருப்பதாகவும், எனினும் நோயற்ற ஞானப்பல்லை எடுக்க வேண்டும் என்றோ எடுக்க வேண்டாம் என்றோ முடிவு கட்டப் போதிய ஆதாரம் இல்லையென்றும் எழுதினார்கள். இதை இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாக வாசிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: பின்னால் எடுக்க முடியும், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்னும்போது, சந்தேகத்தின் பலன் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. வைத்தியர்கள் பேராசையால் பல் பிடுங்குகிறார்கள் என்பது கீழ்த்தரமான வாதம். அநேகர் தங்கள் ஆசிரியர் சொன்னதை நம்பியே செய்கிறார்கள். ஆனால் எடுத்தால் கூலி, பார்த்துவிட்டு விட்டால் கூலியில்லை என்ற ஏற்பாட்டில், நேர்மையான மனிதனின் தராசும் தன்னையறியாமல் ஒரு பக்கம் தாழும் என்பதை மட்டும் சொல்லி அப்பால் போகிறேன்.

கடைசியாக நம் ஊர்க்காரர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று. "கவனித்துக்கொண்டிருக்கலாம் என்பது பணக்கார தேசத்துப் பேச்சு, இங்கே வலி வந்தாலன்றி யார் பல் வைத்தியரிடம் போகிறார்கள்? ஆண்டுதோறும் வந்து காட்டு என்றால் வரவா போகிறார்கள்? கைக்கு அகப்பட்டபோதே எடுத்துவிடுவதல்லவா புத்திசாலித்தனம்?" என்கிறார்கள். இதற்கு இரண்டு பதில்கள். பரிசோதனைக்கு வராத மனிதன் அறுவைக்குப் பின் சீழ் வைத்தாலும் வரமாட்டான். அப்படிப்பட்டவனுக்கு அநாவசியமான புண் ஒன்றை உண்டாக்கி ஊருக்கு அனுப்புவதே பெரிய துணிச்சல். இரண்டாவது, சாதாரணச் சொத்தையை அடைக்கவே கைகள் போதாத நாட்டில், தேர்ந்த அறுவை நிபுணரின் ஒரு மணி நேரத்தை நோயற்ற பல்லுக்குக் கொடுத்தால், வலியால் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர் மறு நாளுக்குத் தள்ளப்படுகிறார்.

ஆகவே, படத்தைக் காட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லும் வைத்தியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; மரியாதையாகச் சில கேள்விகளைக் கேட்டால் போதும். இந்தப் பல்லில் இன்று என்ன நோய் இருக்கிறது? பக்கத்துப் பல்லை அது தொடுகிறதா, தொட்டால் எந்த இடத்தில்? வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? அருகில் இருந்தால், வேரை எலும்பிலேயே விட்டுவிட்டுப் பல்லின் தலையை மட்டும் அறுத்தெடுக்கும் முறை இதற்குப் பொருந்துமா? எடுக்காமல் விட்டால் மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும், அப்போது எதை அளந்து பார்ப்பீர்கள்? இவ்வளவுக்கும் படத்தின்மேல் விரலை வைத்துப் பதில் சொல்கிற வைத்தியர், அதன் பிறகும் எடுப்பதே நல்லது என்றால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.